வடிதுணியில் துள்ளிய பூச்சிகள்

பழுகாமத்தில் குளத்துத் தண்ணீரைப் பழஞ்சீலையில் வடித்துத்தான் குடத்தில் ஊற்றுவோம். தூசளவு பூச்சிகள் துணியில் துள்ளும், அருவருப்போடு உதறிவிடுவேன். குளத்தை ஒட்டிய வட்டை வயலுக்குப் பூச்சி மருந்தடித்து, மழையும் பெய்து வயல்தண்ணி குளத்துக்குள் ஓடிய மறுநாள் துணியில் ஒரு பூச்சிகூட இல்லை.

“பாருங்க மச்சாள், தண்ணி எவ்வளவு சுத்தம்!” என்று பக்கத்து வீட்டில் காட்டி மகிழ்ந்தேன்.

கொஞ்ச நாளில் குளம் பச்சைக் கூழாகிவிட்டது. மீன்கள் செத்து மிதந்தன. கம்பஸில் படிக்கும் மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அந்தப் பூச்சிதானம்மா பாசியத் தின்னுற. மீன்குஞ்சுக்கும் அதுதான் சாப்பாடு. மருந்துல எல்லாம் செத்திட்டு.”

“திரும்பி வராதா மகள்?”

“மருந்த நிப்பாட்டினா வரும்.”

அடுத்த போகத்துக்கும் அடித்தோம். நெல்லை விட்டால் எங்களுக்கு வேறென்ன இருக்கிறது? இப்போதும் குளத்தில் அள்ளி வடித்துப் பார்க்கிறேன். துணியில் பச்சைதான் படிகிறது, ஒன்றும் துள்ளவில்லை.