ஓரகத்தி சுவர் வழியாக ஒரு ஒயர்

ஊரில் அவளுக்கு 'வாய் டீச்சர்' என்று பெயர். காது மந்தமான பிள்ளைகளுக்கு உதட்டை அசைத்துக் காட்டிப் பேசப் பழக்குவது அவள் வேலை. தினமும் பஸ் ஏறி டவுன் பள்ளிக்குப் போய்வந்தவள்தான். புருஷன் மாடிப்படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு, ஒரு வாய்த் தண்ணீருக்கும் அவள்தான் என்றாகிவிட்டது.

பள்ளியின் பெரிய டீச்சர் இரக்கப்பட்டார். "வீட்லேருந்தே கம்ப்யூட்டர்ல பாடம் எடும்மா. ஆனா திங்கக்கெழம நானும் உக்காந்து பார்ப்பேன். படம் நின்னுச்சுன்னா வேற ஆளத்தான் போடணும்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சினிமா பார்க்கிறவன் படம் நின்றால் கொட்டாவி விட்டுக் காத்திருப்பான். பிள்ளைக்கு அப்படியா? உதடு முன்னே போய்ச் சத்தம் பின்னே வந்தால், தப்பாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடுவிப்பதற்குள் உயிர் போய்விடும்.

முதலில் கடைக்காரர் நெட்டுக்காகச் சிம் போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நடுமத்தியானம் ஜன்னலில் வைத்தார். "பாருங்கக்கா, குதிர மாதிரி ஓடுது!"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் அவள். பிடிவாதக்காரி என்பார்கள், சொல்லட்டும். பொழுது சாய்ந்து ஊரே வீடு திரும்பிப் போனைக் கையில் எடுத்ததும், குதிரை நொண்டிக் கழுதையாகிவிட்டது. திரையில் அவள் முகம் கோணிக்கொண்டு நின்றது.

"வர்ற வேகம் நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"நான் படம் பாக்கவா வாங்குறேன்? என் மூஞ்சி அங்க போகணும்யா!"

அடுத்து, மாடியில் வைத்து வானத்திலிருந்து நெட் பிடிக்கும் தட்டு. அதற்குத் திறந்த வானம் வேண்டும். தெருமரமோ குடைபோல் கவிந்து நின்றது. மிச்சம் இருந்தது ஒயர் ஒன்றுதான். ஒயர்காரர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "அந்தச் சுவர் வழியா இழுத்தாத்தான் வரும். அந்த வீட்லயும் இதே லைன்தான். எப்படி ஓடுதுன்னு அவங்களயே கேளுங்க."

அது ஓரகத்தி வீடு. துணி துவைத்த தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்ற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து கிடந்தது.

படுக்கையிலிருந்து புருஷன் சிரித்தான். "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பேச்சு வர வெக்கிற. உனக்கும் எங்க அண்ணிக்கும் வரலையே!"

"வாய மூடிட்டுப் படுங்க."

சுவரோரம் போனாள். கோழியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "ஏ கோழி, மழ பேஞ்சா அந்த ஒயர் நெட்டு நின்னுடுமான்னு யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. "ஏ ஆடே, மழைக்கு ஒண்ணும் ஆகாது. பேய்க் காத்துதான் ஆகாது. கேக்குறவங்க வாசல் வழியா வந்து கேட்டா காலு தேஞ்சிடுமா?"

"வாசல்ல கால் வெச்சா ஒடிச்சிடுவேன்னு சொன்னவங்க இருக்காங்களே, கோழி!"

பாத்திரம் தேய்க்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. போச்சு, கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாள். கோழியை விட்டுவிட்டு நேராகவே கேட்டாள்.

"அக்கா, திங்கக்கெழம படம் நின்னா வேல போயிடும். உங்க கொழுந்தன விட்டுட்டு டவுனுக்கும் போக முடியாது. உங்க சுவத்துல ஆணி அடிச்சுக்கட்டுமா?"

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"மேல அடிக்கச் சொல்லு. கீழ அடிச்சா ஆடு கடிச்சிடும்."

ஒயர் வந்தது. திங்கட்கிழமையும் வந்தது, கூடவே காற்றும். திரையில் ஒரு பக்கம் பெரிய டீச்சர் கன்னத்தில் கை வைத்திருந்தார். ஒரு பக்கம் பிள்ளை அவள் உதட்டையே பார்த்தது. வெளியே ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு ஒயர் சுவரில் டப் டப்பென்று அடித்தது. மடங்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை முறிந்துவிடும் என்று ஒயர்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எழுந்து போகவும் முடியாது. உதட்டைக் குவித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று டப் டப் நின்றது. படம் நிற்கவில்லை.

"பூ" என்றது பிள்ளை.

பெரிய டீச்சர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "அடுத்த பிள்ளைய உக்கார வெக்கிறேம்மா."

அப்போதுதான் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஸ்டூல் மேல் ஏறி, முந்தானை பறக்க, இரண்டு கையாலும் ஒயரைச் சுவரோடு அமுக்கிக்கொண்டு நின்றாள் ஓரகத்தி.

"ஏ ஆடே, பாடம் முடிஞ்சுதான்னு கேளு. கை மரத்துப்போச்சு!"

"இன்னும் ஒரு பிள்ள இருக்குக்கா!"