மேகத்துக்குள் கேட்ட வார்த்தை

கண்டக்டர் அண்ணனிடம் ஒரே ஒரு விசில்தான் இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் வாரம் ஆறு நாள் அவர் ஊதியதும் அதுதான், ஏழாம் நாள் மைதானத்தில் ஊதியதும் அதுதான். சாயம் போன சிவப்புக் கயிற்றில் கழுத்தில் கிடக்கும். அவர் ஃபவுலுக்கு ஊதினால் ஆட்டம் நிற்கிறதோ இல்லையோ, ரோட்டில் போகிறவர்கள் பஸ் வருகிறது என்று கை காட்டிவிடுவார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு இன்னும் சத்தமாக ஊதுவார்.

நான் அட்டுவம்பட்டிக்காரி, ஆரம்பப்பள்ளி ஆசிரியை. கல்லூரியில் கொஞ்சம் கால்பந்து ஆடியவள் என்ற ஒரே காரணத்துக்காக, பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு வருடாவருடம் நடக்கும் போட்டியில் என் கையில் ஒரு மஞ்சள் கொடியைக் கொடுத்து லைன்ஸ்மேனாக நிறுத்தினார்கள். பெண்ணானாலும் பெயர் லைன்ஸ்மேன்தான். கண்டக்டர் அண்ணன் நடுவில் ஓட, நான் ஓரத்தில் ஓட, ஆறு வருடம் போனது.

பதினைந்து வயதுப் பையன்களின் வாய் எப்படி இருக்கும் என்பது வகுப்பறையில் தெரியாது, மைதானத்தில்தான் தெரியும். வாத்தியார் முன்னால் பூனை மாதிரி உட்கார்ந்திருப்பவன் பந்து காலை விட்டு நழுவியதும் மூன்று தலைமுறையை இழுத்துப் பேசுவான். எங்கள் மலையில் அப்போதெல்லாம் நடுவர்களுக்கு இதற்கு ஒரே மருந்துதான் தெரியும்: காதில் விழாதது போல ஓடிவிடுவது. கேட்டால் காற்று அதிகம் என்பார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். மறைப்பானேன்?

கண்டக்டர் அண்ணன் அப்படி ஓடமாட்டார், அதற்காக எல்லாவற்றுக்கும் கார்டை உருவவும் மாட்டார். வழுக்கி விழுந்தவன் தன்னையே திட்டிக்கொண்டால், “ஏலே, எந்திரி வெரசா, தரை ஒன்னய ஒண்ணும் சொல்லலையே” என்பார். நடுவரான அவரையே திட்டினால், “அத்தன கொண்டை ஊசி வளைவுலயும் இதத்தான் கேட்டுக்கிட்டு வாரேன், புதுசா எதாச்சும் சொல்லு” என்று மஞ்சள் கார்டைக் காட்டிவிட்டு நகர்வார். ஆனால் ஒருவன் இன்னொருவனின் பிறப்பையோ, அம்மாவையோ, சாதியையோ, ஊரையோ சொல்லித் திட்டினான் என்றால் கதை வேறு. பஸ்ஸில் யாராவது குடித்துவிட்டு அசிங்கமாகப் பேசினால் வண்டியை ஓரங்கட்டி, பேசியவர் இறங்கும்வரை கிளப்பவிடமாட்டார். அதையே அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். விசிலை ஊதி, பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வண்டி நிக்குது. சொன்னவன் முன்னால வா” என்று நின்றுவிடுவார். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் எவனாவது தலையைக் குனிந்துகொண்டு வருவான்.

இந்த வைத்தியத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அது எங்கள் ஊரின் மேகம். மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கினால் எதிர்க் கோல்போஸ்ட் தெரியாது. அதனால் எங்கள் போட்டிக்கென்றே ஒரு விதி உண்டு. பாதி ஆட்டம் முடிந்த பிறகு மேகம் மூடிவிட்டால், அதுவரை எத்தனை கோலோ அதுதான் முடிவு. ஒரு வருடம் கீழ்மலையில் ஆடலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் அணி அரையிறுதியில் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, எதிரணியில் எவனோ அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அண்ணன் வண்டியை நிறுத்தினார். எவனும் முன்னால் வரவில்லை. மேகம்தான் வந்தது. திட்டு வாங்கிய அணியே தோற்று லாரியில் ஏறிக் கீழே போனது. அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நிப்பாட்டத் தெரிஞ்ச எனக்கு, சொன்னவன் யாருன்னு தெரியலையே டீச்சர்” என்றார்.

மறு வருடம் அதே எஸ்டேட் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். எதிரில் டவுன் அணி. டவுனின் ஒன்பதாம் நம்பர் என் அக்கா மகன். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவள் நான், பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவளும் நான். அன்று பந்தலுக்குள் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் இரண்டு பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பிளாஸ்கில் டீயோடு முன்வரிசையில் இருந்தாள். இருபதாவது நிமிடத்தில் அவன் ஒரு கோல் போட்டான். அற்புதமான கோல், இன்றைக்கும் சொல்வேன். நான் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

ஆட்டம் முடிய பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது மேகம் இறங்க ஆரம்பித்தது. என் பக்கத்து கோலுக்கு ஓர் உயரமான பந்து வந்தது. எஸ்டேட் கீப்பர் பையன் எம்பிப் பிடித்தான். என் அக்கா மகன் தாமதமாக வந்து மோத, இரண்டு பேரும் உருண்டார்கள். எழுந்திருக்கும்போது அவன் சொன்னான்:

“அகதி நாயே, ஒன் ஊருக்கே ஓடிப் போடா.”

பந்தை நெஞ்சோடு பிடித்தபடி கீப்பர் அப்படியே நின்றான். திருப்பித் திட்டவில்லை, அடிக்கவில்லை. இதை எதிர்பார்த்தே நின்றவன் போல இருந்தான்.

விசில் அலறியது. அண்ணன் ஓடிவந்தார். அவர் காதில் சத்தம் விழுந்திருக்கிறது, ஆனால் வெள்ளைப் புகைக்குள் டவுன் பையன்கள் நான்கு பேர் நிற்கிறார்கள். பந்தை வாங்கிக் கக்கத்தில் வைத்தார். “வண்டி நிக்குது. சொன்னவன் வா.”

எவனும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? முந்தின வருடக் கதை எல்லோருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் மேகம் கப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடும். எஸ்டேட் கேப்டன் ஓடிவந்து கெஞ்சினான்: “சார், பரவாயில்ல சார், வெளையாடுவோம் சார், நேரம் போகுது.”

“ஒனக்குப் பரவாயில்லாம இருக்கலாம்ப்பா. எனக்கு இல்ல” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் போன வருடத்துக் குற்றம் இந்த வருடமும் அவர் தலையில்தான்.

அக்கா மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பயந்த பார்வை இல்லை. ‘சித்தி இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்’ என்கிற பார்வை. அந்த நம்பிக்கைதான் என்னைச் சுட்டது. ஆஃப்சைடுக்கும் பந்து வெளியே போவதற்கும் தவிர நான் அந்தக் கொடியைத் தூக்கியதே இல்லை. அக்காவை நினைத்தேன், பந்தலில் இருந்த நோட்டை நினைத்தேன். பிறகு தூக்கினேன்.

அண்ணன் வந்தார். “என்ன டீச்சர்?”

“எனக்குக் கேட்டுச்சுண்ணே.”

“யாரு?”

“ஒம்பது.”

ஒன்பது யார் என்று அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, “நல்லாத் தெரியுமா?” என்றார்.

“வளத்தவளுக்குக் கொரல் தெரியாதாண்ணே?”

சிவப்புக் கார்டு மேலே போனது. “சித்தி! நீங்களா?” என்று அவன் கேட்டது பந்தலில் மைக்கில் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்த மைக்காரர் வரைக்கும் கேட்டிருக்கும். முன்வரிசையில் அக்கா எழுந்து நின்றாள், என்னைப் பார்த்தாள், பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“பத்துப் பேரு. வண்டி கெளம்புது” என்றார் அண்ணன். ஃப்ரீ கிக்கை கீப்பரே அடித்தான். அவ்வளவு நேரம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தான் போலிருக்கிறது. பந்து மேகத்துக்குள் போய் மறைந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேகத்தைப் பிளந்துகொண்டு எஸ்டேட் பையன்கள் கையை விரித்தபடி ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எதிர்ப்பக்க லைன்ஸ்மேன் கொடியை நடுக்கோட்டுப் பக்கம் நீட்டியபடி வந்தார். கோல்! லைன்ஸ்மேன் குதிக்கக்கூடாது. என் கால்களை நான் பிடித்துவைக்க வேண்டியிருந்தது.

ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மேகம் மூடி ஆட்டம் முடிய, டைபிரேக்கரில் கீப்பர் இரண்டு பந்தைத் தடுத்தான். இரண்டாவதைத் தடுத்தபோது டவுன் ஜனங்களே கை தட்டினார்கள். மைக்காரர் அணியின் பெயரைக்கூடச் சொல்லாமல் “கப்பு கீழ்மலைக்குப் போவுதுங்கோ!” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினார்.

விடுதிக்கு அந்த வருடம் என் அக்கா மகனை எடுக்கவில்லை, கீப்பரை எடுத்தார்கள். அக்கா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் மகன் இப்போது மதுரையில் கல்லூரி அணிக்கு ஆடுகிறான். ஒரு தீபாவளிக்கு வந்தபோது, “அந்த வார்த்தை என் வாயில எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல சித்தி” என்றான். எனக்குத் தெரியும் என்றேன். நம் வீட்டில் சாப்பிட உட்காரும்போது எஸ்டேட் ஆட்களைப் பற்றி எத்தனை தடவை அப்படிப் பேசியிருக்கிறோம்? நானும் கேட்டுக்கொண்டுதானே சோறு பிசைந்தேன்? அவன் தலையாட்டினான். அண்ணன் பணி ஓய்வு பெற்றுப் பெருமாள்மலையில் இருக்கிறார், முழங்கால் ஓடவிடவில்லை. இப்போது நடுவில் ஓடுகிறவள் நான். காற்று அதிகம் என்று என் மைதானத்தில் யாரும் சொல்வதில்லை.

ஆனால் அன்று கடைசியில் நடந்ததை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. பரிசளிப்பு முடிந்து, தோழர்கள் தோளிலிருந்து இறங்கிய கீப்பர் பையன் கப்பையும் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

“போன வருசமும் எங்க பக்கத்து லைன்ல நீங்கதான் நின்னீங்க டீச்சர்” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலச் சொன்னான். சுற்றிலும் ஒரே கூத்து, கும்மாளம். காற்று என்று சொல்லியிருக்கலாம், மேகம் என்று சொல்லியிருக்கலாம்.

“ஆமாப்பா. அப்பவும் எனக்குக் கேட்டுச்சு” என்றேன்.

அவன் கப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பிறகு கப்பின் ஒரு கைப்பிடியை என் பக்கம் திருப்பி, “ஒரு கை பிடிங்க டீச்சர், ரொம்பக் கனமா இருக்கு” என்றான். நடுவராக நின்றவர்கள் ஜெயித்த அணியின் கப்பைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் இரண்டு கையாலும் பிடித்தேன்.