துடைக்காத டம்ளர்

திமிரியில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியில், என் அறை ஜன்னலில் ஓர் எவர்சில்வர் டம்ளர் எப்போதும் கவிழ்ந்திருக்கும். கழுவியதும் ஓர் உதறு உதறிக் கவிழ்த்துவிடுவேன். துணியால் துடைப்பதில்லை. தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் அதன் உடம்பெல்லாம் இருக்கும். மருந்துப் புட்டிகளை உயரம் பார்த்து அடுக்குகிற நர்சம்மா இதை மட்டும் ஏன் இப்படி விட்டிருக்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கோ அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் ஆம்பூர் அடுக்களைதான் ஞாபகத்துக்கு வரும்.

வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்ததும் எனக்கு முதல் வேலை சொந்த ஊரான ஆம்பூரிலேயே கிடைத்தது. பெண்களுக்கான ஆஸ்பத்திரி. நீளமாக ஒரே ஒரு வார்டு, அதன் கோடியில் அடுக்களை, அடுக்களைக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடி, அதையொட்டி மதில். மதிலுக்கு அந்தப்புறம் தோல் பதனிடும் கொட்டகைகள். விடிவதற்கு முன்பே ஈரத்தோலைக் கல்லில் அறையும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். தோலை ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தண்ணீர் ஓடி ஓடி மதிலோரக் கால்வாய் செம்பழுப்பாக இருக்கும். இதெல்லாம் நான் பிறந்த நாளிலிருந்து பார்த்தவை, கேட்டவை. அதனால் அவற்றைக் கவனித்ததே இல்லை.

அடுக்களை ஆப்பாவின் ராஜ்யம். வீட்டில் உருது பேசுகிற, நாற்பது வயதைத் தாண்டிய அம்மாள். அக்கா என்ற பொருளில் வார்டு முழுவதும் அவரை ஆப்பா என்றுதான் கூப்பிடும். அவர் பித்தளை டம்ளர்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, முன்பக்கத்து ஜன்னல் பலகையில் வரிசையாகக் கவிழ்ப்பார். காலை வெயில் அவற்றின்மேல் விழும்போது வார்டில் படுத்திருப்பவர்கள் முகத்தில்கூட மஞ்சள் வெளிச்சம் ஆடும்.

நான் சேர்ந்த சில மாதங்களில் சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. வைக்கோலை விலக்கினால் உள்ளே, அடியில் குழாய் வைத்த பால் அண்டா, மூடி, கரண்டிகள், ஒரு டஜன் டம்ளர்கள். எல்லாம் துருப்பிடிக்காத இரும்பு என்றார் சிஸ்டர். அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தலைவி. இருபது வருஷமாக எங்கள் ஊரில் இருக்கிற வெள்ளைக்கார அம்மாள். அவருடைய தமிழ் அச்சடித்த தமிழ்.

"இவற்றுக்குச் செங்கல் தூள் கூடாது. மணல் கூடாது. சாம்பல் கூடாது. புளி கூடாது" என்றார்.

"அப்போ இன்னாதான் கூடும்னு கேளு நர்சம்மா" என்று ஆப்பா என் காதருகே சொன்னார்.

கூடியது இதுதான். வெந்நீரில் கொஞ்சம் சலவைச் சோடாவைக் கரைத்து, மெல்லிய துணியால் தேய்க்க வேண்டும். அண்டாவின் குழாயைக் கழற்றி உள்ளே தனியாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பாலாடை தங்கிவிடும். பிறகு கொதித்த தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். கடைசியாக, ஈரம் காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தானாகக் காய்ந்தால் புள்ளி விழும். துடைக்கும் துணிகளைத் தினமும் சோடா போட்டு வேகவைத்துப் பின்பக்கத்துக் கொடியில் உலர்த்துவோம். இந்த முறையை நான் அழகாக எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும்.

ஆப்பா முனகிக்கொண்டே பழகினார். "கழுவுன பாத்திரத்த மறுபடி துணியால தொடைக்கிறது இன்னா சுத்தமோ? ஆனாலும் மூஞ்சி பார்த்து பொட்டு வெச்சுக்கலாம்மா, அவ்ளோ பளபளப்பு" என்பார். அவர் பொட்டு வைத்துக்கொள்கிறவர் இல்லை. அது எங்களுக்காகச் சொன்னது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஏறக்குறைய என் வயது. மலையடிவாரத்து ஊர், எங்கள் ஊரிலிருந்து அரை நாள் மாட்டுவண்டிப் பயணம். அவள் புருஷன் ஆவாரம்பட்டையை வண்டியில் ஏற்றிவந்து தோல் கிடங்குகளுக்குப் போடுகிறவர். வீட்டில் பிள்ளை பெற்றபின் அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அந்த வண்டியிலேயே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கூட மாமியார், துணியில் சுற்றிய பெண் குழந்தை.

காய்ச்சலை ஒருவழியாக இறக்கினோம். ஆனால் உடம்பு கிழிந்த நாராகக் கிடந்தது. குழந்தைக்குத் தாய்ப்பால் ஊறவில்லை. சோறும் கஞ்சியும் உள்ளே தங்கவில்லை. பால் ஒன்றுதான் வழி, அடிக்கடி கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். பளபளக்கும் டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு போனேன். வாயருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் நர்சம்மா."

"ஏம்மா, வாய் கசக்குதா?"

"வாயி நல்லாத்தான் கீது. இது நாறுது."

நான் முகர்ந்து பார்த்தேன். காய்ச்சின பாலின் வாசனை, வேறொன்றும் இல்லை. சாயங்காலம் மறுபடி கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்து அதையும் வாந்தி எடுத்தாள்.

கட்டிலடியில் உட்கார்ந்திருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ராணியம்மாவுக்குப் பால் நாறுதாம்! வூட்ல கூழு குடிக்கசொல்ல நாறல. நாளான்னிக்கு வண்டி வருது. தூக்கிப் போட்டுகினு போய்ட்றேன். இங்க இருந்து பட்டினி கெடக்கிறதுக்கு வூட்லயே கெடக்கட்டும்."

இந்த உடம்போடு அரை நாள் வண்டியில் குலுங்கினால் அவள் வீடு போய்ச் சேரமாட்டாள் என்பது டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நாடியைப் பிடித்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. வண்டி வருவதற்குள் அவள் வயிற்றில் பால் இறங்கியாக வேண்டும்.

அடுக்களையில் ஆப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்டாவை இரண்டாம் தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் நர்சம்மா. நாத்தம் பால்ல இல்ல. என் கையில."

வார்டிலும் அதைத்தான் கிசுகிசுத்தார்கள் என்பதால் நான் அந்தப் பெண்ணிடமே நேராகக் கேட்டேன். அவள் பதறிவிட்டாள்.

"ஐயே, அதெல்லாம் இல்ல. எங்க வூட்டுக்காரரு பட்ட எறக்கசொல்ல சாயபு வூட்டாண்ட டீ குடிச்சிட்டுத்தான் வருவாரு. அந்தக்கா இன்னா பண்ணாங்க, பாவம். சிரிச்ச மூஞ்சி."

இதை ஆப்பாவிடம் சொன்னதும், "சிரிச்ச மூஞ்சியா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். அந்தப் பெண் வீட்டுப் பித்தளைச் செம்பு அவர்கள் மூட்டையில் இருக்கிறது, அதில் கொடுத்துப் பார்க்கலாம். செம்பை எங்கள் முறைப்படி கழுவி, வேகவைத்து, துடைத்து, பால் ஊற்றிக் கொடுத்தோம். அதையும் தள்ளிவிட்டாள். தன் வீட்டுச் செம்பையே நாறுகிறது என்றால் மாமியார் என்ன சொல்லமாட்டார்! மலையிலிருந்து ஏதோ தொடர்ந்து வந்திருக்கிறது, மந்திரித்தால்தான் போகும் என்று ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வார்டு உறங்கியபோது, எது எது நாறலாம் என்று மனதுக்குள் வரிசை போட்டேன். பால், தண்ணீர், சோடா, பாத்திரம். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். காய்ச்சிய சட்டியிலிருந்தே, ஆறிய பாலை நேராக அவள் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டேன். நக்கிப் பார்த்து, "பாலு நல்லாத்தான் கீது" என்றாள். தண்ணீரை இரண்டு கையையும் குவித்து வாங்கி முதல் நாளிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தாள். சோடாக் கரைசலை முகரக் கொடுத்தேன். வண்ணான் துறை வாசனை என்று சிரித்தாள். பாத்திரம் என்றால், சீமை டம்ளருக்கும் அவள் வீட்டுச் செம்புக்கும் என்ன உறவு?

எல்லாவற்றையும் அடித்தாகிவிட்டது. எழுந்துபோய் அடுக்களையில் நின்று ஆப்பா ஒரு டம்ளரைக் கழுவுவதை முதலிலிருந்து பார்த்தேன். தேய்த்தார். அலசினார். கொதிநீர் ஊற்றினார். தோளில் கிடந்த துணியை எடுத்தார். அந்தத் துணி என் வரிசையில் இல்லை. சுத்தம் செய்கிற பொருள் அது. அதன்மேல் சந்தேகம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆப்பா, தொடைக்காதீங்க. அப்படியே கவுத்து வைங்க."

"புள்ளி விழுமே? சிஸ்டர் என்ன கடிச்சித் துப்பிடுவாங்க."

"விழட்டும்."

இரண்டு டம்ளர்களைத் துடைத்தோம். இரண்டை அடுப்புத் திட்டின் சூட்டில் கவிழ்த்துக் காயவைத்தோம். நான்கையும் தட்டில் வைத்துக் கொண்டுபோய், அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக அவள் மூக்கருகே நீட்டினேன்.

"வேணாம்... இது சரி... இதுவும் சரி... ஐயோ, இத எடுத்துடுங்க."

துடைத்த இரண்டையும்தான் அவள் தள்ளினாள். இடத்தை மாற்றி மறுபடி நீட்டினேன். மறுபடியும் அதே இரண்டு.

"இன்னா நாத்தம்மா அது? சொல்லேன்" என்றார் ஆப்பா.

"தோலு. ஊறுன தோலு. இந்த ஊரே நாறுதுக்கா. காத்துல கீறத பொறுத்துக்கலாம். குடிக்கிறதுல வந்தா எப்பிடி?"

ஆப்பா தோளிலிருந்த துணியை முகர்ந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று என்னிடம் கொடுத்தார். நான் முகர்ந்தேன், சோடா வாசனை, ஈரத்துணி வாசனை. துணி கட்டில் கட்டிலாகப் போயிற்று. ஒருத்தி வெறும் துணிதான் என்றாள். இன்னொருத்தி மழைக்குக் காயாத வாடை என்றாள். கோடிக் கட்டிலில், தோல் கிடங்கில் வேலை செய்பவரின் மனைவி, துணியை மூக்கில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு சட்ட மாதிரி கீது" என்றாள்.

"அதான், வுட மனசில்லாம புடிச்சிகினு கீறியா?" என்று ஆப்பா கேட்டதும் வார்டு குலுங்கிச் சிரித்தது. தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மாமியாரும் வாங்கி முகர்ந்தார். முகம் சுளித்தது. துணியைத் திருப்பிக் கொடுத்தார்.

மதிலுக்கு அந்தப்புறத்துக் காற்றில், மழை நாளில், நாள் முழுவதும் காயாமல் தொங்கிய துணி. எவ்வளவு வேகவைத்தாலும் கொடியில் போட்டதும் ஊர் அதில் ஏறிக்கொண்டிருந்தது. பித்தளை டம்ளர் காலத்தில் நாங்கள் எதையும் துடைக்கவில்லை. சீமைப் பாத்திரம் வந்தபிறகு படுத்தவர்கள் எல்லோரும் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்க்காரர்கள். எங்கள் யாருக்கும் அந்த மூக்கு இல்லை.

புள்ளி விழுந்த டம்ளரில் பாலை ஊற்றிக் கொடுத்தேன். முதலில் உதட்டை மட்டும் நனைத்தாள். பிறகு நிறுத்தாமல் குடித்து, டம்ளரை என்னிடம் நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கீதா?"

ஆப்பா அடுக்களைக்கு ஓடினார்.

மறுநாள் காலைச் சுற்றில் சிஸ்டர் அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது என்ன கோலம்?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவரும் துணியை வாங்கி முகர்ந்தார். "எனக்கும் ஒன்றும் தெரியவில்லை" என்று மெதுவாகச் சொன்னார். "இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் நான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தேன்." இனிக் கவிழ்த்தே வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் வண்டி வந்தது. புருஷன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் தலையணையில் சாய்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை. தூக்கிக்கொண்டு போவேன் என்ற மாமியார் மகனிடம் போய், "பட்டய எறக்கிட்டு நீ போடா. அடுத்த நடைக்கு வா. இன்னும் ஒடம்பு தேறட்டும்" என்றார்.

புள்ளிகளுக்கு ஆப்பா வழி கண்டார். வாரம் ஒருமுறை புளித்தண்ணீர் தொட்டு லேசாகத் தடவி உடனே அலசினால் வெள்ளை போய்விட்டது, கீறலும் விழவில்லை. சுவரில் நான் ஒட்டிய முறையில், துடைக்க வேண்டும் என்பதை நான் அடித்தபோது, புளி கூடாது என்பதையும் அடிக்கச் சொல்லி நின்று பார்த்துக்கொண்டார். ஜன்னல் பலகையில் மறுபடியும் டம்ளர்கள் கவிழ்ந்தன. இந்தத் தடவை சுவரில் ஆடிய வெளிச்சம் வெள்ளை.

அடுத்த நடை வண்டியில் அந்தப் பெண் தானே ஏறி உட்கார்ந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க ஊரு மாதிரி ஊர்ல ஒரு மாசம் இருந்துட்டு வா நர்சம்மா. அப்பறம் இங்க எறங்கசொல்ல தெரியும்."

ஒரு மாதம் அல்ல, பின்னால் வேலை மாறி, தோல் கிடங்கே இல்லாத திமிரிக்கு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். ஆம்பூர் நெருங்கும்போது எதிரில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எனக்கும் வந்துவிட்டது. ஊறிய தோல், சுண்ணாம்பு, பட்டை, எல்லாம் ஒன்றாக. பிறந்ததிலிருந்து மூச்சாக இழுத்ததை முதல் தடவையாக முகர்ந்தேன். அந்த மலையடிவாரத்துப் பெண் சொன்னது சரிதான், நாற்றம்தான். ஆனால் நான் மூக்கைப் பொத்தவில்லை. இறங்கி, பிளாட்பாரத்தில் பெட்டியை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். மறுநாள் காலை அம்மா காப்பி கொடுக்கும்போது தேடிப் பார்த்தேன், அது மறைந்துபோயிருந்தது.

திரும்பும்போது அம்மா கட்டுச்சோற்றை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். திமிரியில் அவிழ்த்ததும் அறைக்குள் ஆம்பூர் வந்தது. துண்டை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்னும் துவைக்கவில்லை. டம்ளர் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோவதில்லை.