வங்கிகள் கூட்டாளியான கம்பெனி

மாட்டுங்காவில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரு கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிடப் போகிறது என்றால், ஏற்கெனவே அதில் பங்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்வதில் கஷ்டம் இல்லை. உங்கள் பங்குகளின் எண்ணிக்கை குறையாது, ஆனால் கம்பெனியில் உங்கள் பாகம் குறையும் என்பதைப் புரியவைப்பதற்குள்தான் தொண்டை வறண்டுவிடும். ஒரே அடையை நாலு பேருக்குப் பதில் ஆறு பேருக்குப் பிய்ப்பதுபோல என்பேன். புதிதாக வருகிறவர் மாவோடு வந்தால் சரி, அடையும் பெரிதாகும். பழைய கடனுக்காக வெறும் தட்டோடு வந்து உட்கார்ந்தால்தான் வம்பு.

இத்தனை வருஷத்தில் எந்தத் துறைக்காரரை எப்போது கூப்பிட வேண்டியிருக்கும் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வங்கிகள் நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது வந்து நிற்கும். கடன் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். மேலும் கடன் கொடுக்க வேண்டுமானால் கையில் சொந்த முதலும் கூட வேண்டும். வங்கிப் பங்குகளாகவே சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெரியவர், என் குரலைக் கேட்டதுமே, "மறுபடியும் கையை நீட்டிண்டு வந்துட்டானா? நேக்கு வயசானாலும் அவனுக்குப் பசி அடங்கலை பாரு" என்று திட்டுவார். திட்டிவிட்டுப் பணமும் கட்டிவிடுவார். சாஃப்ட்வேர் கம்பெனிகள் சம்பளத்தோடு சம்பளமாக ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கின்றன. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது, யாருக்கும் உறைக்காது. புது மருந்து கண்டுபிடிக்கிறோம் என்று கிளம்பும் சின்னக் கம்பெனிகள் மருந்து வெளிவருவதற்குள் எத்தனை முறை பங்கு விற்கும் என்று அவர்களுக்கே தெரியாது. சோப்பு, பிஸ்கட் பங்கு வைத்திருப்பவர்களை நான் தீபாவளி வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன். அங்கே இன்றைக்கு விற்றால் இன்றைக்கே காசு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சாலை, மின்சாரம் இரண்டுக்கும் நான் பயப்படுவேன். முதல் ரூபாய் சம்பாதிப்பதற்கு முன்பே மலையாகக் கடன் ஏறியிருக்கும். கடனைக் கட்ட முடியாமல் போனால், பழைய பங்குதாரர்தான் நசுங்குவார்.

இவ்வளவையும் என் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வாங்கியது மின்சாரக் கம்பெனிப் பங்கு.

அண்ணனுக்குத் தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை. கீழே மிஷின்கள், மேலே வீடு. நடுவில் சுவரோடு செங்குத்தாக நிற்கும் ஓர் இரும்பு ஏணி. தண்ணீர் பிடிக்கவும், பொதுக் கழிப்பறைக்குப் போகவும், ஒரு கொத்து மல்லி வாங்கவும் அண்ணன் மனைவி, என் மைனி, அந்த ஏணியில்தான் ஏறி இறங்க வேண்டும். அவருக்கு முழங்கால் போய்விட்டது. இறங்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஏணிக்கு ஒரு கைப்பிடியாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், "போகப் போற வீட்டுக்கு எதுக்குப் பிள்ள தண்டச் செலவு?" என்பார். நெருளில் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்பணம் கொடுக்கத்தான் அந்தப் பங்குகள்.

சோப்புக் கம்பெனிப் பங்கு வாங்குங்கள் என்று கெஞ்சினேன். "சோப்பு அன்னைக்கும் சோப்பு, இன்னைக்கும் சோப்பு. அதுல என்ன வளரும்? கரண்ட் இல்லாட்டி என் மிஷினே ஓடாதுட்டி" என்றார். மிஷின் ஓட்டுகிறவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

ஒரு நாள் அவரே உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"ஏட்டி, விஷயம் தெரியுமா? பேங்க்காரனே நம்ம கம்பெனில கூட்டு சேந்துட்டான். ஒரு பேங்க் இல்ல, நாலஞ்சு பேங்க். விவரம் தெரியாமயா சேருவான்?"

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கத்தில் மாதச் சீட்டு நடக்கிறது. ஆள் கூடக் கூடச் சீட்டுத் தொகை கூடும். நாணயமான ஆள் ஒருவர் சேர்ந்தால் சீட்டுக்கே ஒரு மதிப்பு வந்துவிடும். நடுவில் விலகுகிறவனைக் கல்யாண வீட்டில்கூட யாரும் சரியாக விசாரிக்க மாட்டார்கள். அண்ணன் கம்பெனியையும் அந்தக் கணக்கில்தான் பார்த்தார்.

"அண்ணே, அவன் காசு குடுத்துச் சேரல. குடுத்த கடன் திரும்பி வராதுன்னு தெரிஞ்சு, அதுக்குப் பதிலா பங்கை எடுத்துக்கிட்டான். புதுசா ஒத்தப் பைசா உள்ள வரல."

"கடன் தீந்துச்சுல்லா? பெறகு என்ன டென்ஷன் ஒனக்கு?"

"தீந்துச்சு. ஆனா கம்பெனில பாதிக்கு மேல இப்ப அவனுக்கு. உங்க பாகம் சுருங்கிட்டுல்லா."

"என் ஷேர் ஒண்ணுகூட குறையலியே. ஃபோன்ல அப்படியேதான காட்டுது."

காலையிலிருந்து எத்தனையோ வாடிக்கையாளர்கள் இதையே சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னபோது சலிப்பு வந்தது, அண்ணன் சொன்னபோது கோபம் வந்தது. கிடைத்த விலைக்கு விற்றுவிடுங்கள் என்று கத்தினேன். "நடுவுல விலகச் சொல்லுதியா? பேங்க்காரனே உள்ள வாரான், நான் வெளிய போகவா?" என்று அவரும் கத்திவிட்டு ஃபோனை வைத்தார்.

வங்கிகளுக்கு மின்சாரம் விற்கும் ஆசை கிடையாது. கொடுத்த கடனில் வந்தவரை வரட்டும் என்று, கைக்கு வந்த பங்குகளைச் சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். ஏற்கெனவே இறங்கியிருந்த விலை இன்னும் இறங்கியது. அண்ணன் மட்டும் விற்கவில்லை. நெருள் ஃப்ளாட்டை வேறு யாரோ வாங்கிக் குடிவந்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். பள்ளி திறக்கும் சமயம், பட்டறைக்கு விடுமுறை இல்லை. அண்ணன் மிஷினை விட்டு எழுந்து வந்து, ஏணியடியில் என்னை நிறுத்தினார். முன்பைவிட மெலிந்திருந்தார்.

"நீ சொன்னது இப்ப வெளங்குது. ஃப்ளாட் போனது அவளுக்குத் தெரியாது. ஒண்ணும் சொல்லிராத, என்ன?" என்றார்.

புரிந்துகொண்டாரே என்று எனக்குத் துளியும் சந்தோஷம் வரவில்லை. புரியாமலே இருந்திருக்கலாம். தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறினேன். மேலே போவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

மைனி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தைலம் மின்னியது. டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டார்.

"எத்தன பேரு புதுசா சேந்தாலும் நம்ம பங்கு ஒண்ணுகூட குறையலேன்னு உங்கண்ணன் சொல்லுதாவ. நெசமா பிள்ள?"

மாட்டுங்காவில் நாள் முழுக்க எல்லோருக்கும் விளக்குகிறவள் நான். அடை, மாவு, வெறும் தட்டு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. சொல்லத் தெம்பு இல்லை.

"குறையல மைனி" என்றேன். அது பொய்யும் இல்லை.

மைனி என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலை மெல்ல மடக்கி, ஏணி வாய்ப் பக்கம் நகர்ந்து, கீழே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, அந்த வெல்டிங்காரர நாளைக்கு வரச் சொல்லுங்க. இந்த ஏணிக்கு ஒரு பிடி வைக்கணும்."

மிஷின் சத்தம் நின்றது. ஏன், எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. சரி என்று மட்டும் கீழிருந்து சொன்னார்.