எதிரெதிரே போன கடிதங்கள்

மச்சாளை நினைத்தால், கண்ணருகே அவள் பிடித்திருந்த பூதக்கண்ணாடிதான் முதலில் நினைவில் வருகிறது. என் கணவரின் தங்கை அவள்; நானும் அவளுக்கு மச்சாள்தான். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வயிற்றில் பிள்ளையோடு, இங்கே ஒன்ராறியோவில் எங்கள் பார்க்டேல் அப்பாட்மென்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய கணவருக்கு வெளியேற வழி கிடைக்கவில்லை. வந்த சில வாரங்களில் பிள்ளையும் தங்கவில்லை.

"அவர் அங்கை ஷெல்லடிக்கை தனிய நிக்கிறார். இப்ப இதை எழுதேலாது" என்றாள். ஸ்னோவைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் எழுதினாள். கொழும்பு சுற்றி, மாதக்கணக்கில் தாமதித்து வரும் அவருடைய கடிதங்களோ பிள்ளையைத்தான் கேட்டன. பெட்டையோ, பெடியனோ? ஏன் ஒன்றும் எழுதவில்லை?

வீட்டில் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. அன்றைய தபாலை எடுத்தாயிற்று என்று தெரிந்தும் லிஃப்ட்டில் இறங்கிப்போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பாள். மேலே வந்து ஜன்னலைத் திறப்பாள், உடனே மூடுவாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு நூலகத்தில் பழைய கடிதங்களைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. விக்டோரியா மகாராணி காலத்து இயற்கை ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதியவை. தபால் செலவை மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த தாளையே பக்கவாட்டில் திருப்பிவைத்து, அந்த வரிகளுக்குக் குறுக்கே மீண்டும் எழுதியிருப்பார்கள். பூதக்கண்ணாடி அதற்குத்தான். ஒன்ராறியோக் காட்டோரம் குடியேறிய ஒரு பெண் அந்துப்பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, கற்பூரம் வைத்துப் பெட்டியில் அடைத்து இங்கிலாந்திலிருந்த ஒரு பாதிரியாருக்கு அனுப்புவாளாம். அவை என்ன இனம் என்று அவர் பதில் எழுதுவாராம். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டு விஷயமெல்லாம் அவருக்குத் தெரியும். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே மச்சாள் இதையெல்லாம் எனக்குச் சொல்வாள்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் நடக்கத் தொடங்கினாள். அந்தப் பெண்ணின் சிறுவன் காய்ச்சலில் இறந்துபோனானாம். அதை எழுதிய கடிதம் கடலில் போய்க்கொண்டிருக்க, பாதிரியாரின் கடிதம் எதிரே வந்துகொண்டிருந்ததாம். மகனும் இப்போது வலையோடு ஓடித் திரிகிறானா என்று அதில் கேட்டிருந்தாராம்.

"மச்சாள், அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. தெரியாமல் சந்தோசமாக் கேக்கிறார். என்ரை ஆளையும் நான் உப்பிடித்தானே வைச்சிருக்கிறன்."

"முதல்லை இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இருக்கேலாது."

மறுநாள் காலை அவருக்குப் பிள்ளையைப் பற்றி எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகும் அவருடைய பழைய கடிதங்கள் இரண்டு வந்தன, அதே கேள்வியோடு. நின்றபடியே வாசித்தாள், மடித்தாள், மறுபடி கீழே இறங்கிப் போனாள்.

கோடை முடியுமுன் கொழும்பிலிருந்து ஃபோன் வந்தது. அவர்தான், எப்படியோ கொழும்புவரை வந்து சேர்ந்திருந்தார். எனக்குக் கேட்டதெல்லாம் மச்சாளின் "ஓம்... ஓம்..." மட்டும். ஃபோனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தாள்.

"என்னவாம்?"

"முதலே விளங்கிட்டுதாம். பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லாமல் ஸ்னோவைப் பற்றியே நான் எழுதேக்கை."

"பிறகேன் கேட்டுக் கேட்டு எழுதினவர்?"

"நான் தனிய அழக்கூடாதாம். சொல்லிப்போட்டு அழட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவராம்."

பிறகு அவரும் வந்து சேர்ந்து, இன்று இருவரும் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கிறார்கள். கடைக்குப் போனவரிடம் அவள் கைபேசியில் ஏதாவது கேட்டால், கண்மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது. அந்த ஃபோன் வந்த அன்று நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் அருகில் இருந்தேன். அழுது ஓய்ந்தபின், ஆறிப்போன அதை, எழும்பாமல், கடைசி மிடறுவரை குடித்தாள்.