அட்மின் யாரு?

ஓசியில கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரை வெச்சு, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அறிவிப்பெல்லாம் போடற வெப்சைட், அதாவது போர்ட்டல், பண்ணிக் கொடுக்கறவன் நான். இதே பொழப்புல இருக்கற சக பாவிகளே, சாப்ட்வேர் ஓசின்னு தெரிஞ்சதுமே நம்மளையும் ஓசியாத்தான் பார்ப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா? கீழே இருக்கறதெல்லாம் கார் சீட் தைக்கிற ஒரே கம்பெனியில நான் பட்டது.

திறந்த வீடு

முதல் நாள் பிளான்ட் ஹெட்டுக்கு விளக்கம். "இதோட புரோகிராம் கோடை உலகத்துல யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம் சார், திருத்தலாம்"னு பெருமையா சொன்னேன். மனுஷன் முகம் சுண்டிப்போச்சு. டிபன் பாக்ஸைக்கூட கேட்ல திறந்து காட்டச் சொல்ற கம்பெனி அது. அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் சொன்னது: "சரிப்பா, எங்களுக்கு மட்டும் குளோஸ் சோர்ஸா போட்டுக் குடுத்துடு."

பன்னெண்டு வருஷ அட்மின்

பஸ், கேன்டீன், தோட்டம், துடைப்பம் எல்லாத்தையும் பார்க்கற டிபார்ட்மென்டுக்கு நம்ம கம்பெனிகள்ல அட்மின்னு பேரு. அதுக்கு மேனேஜர் தேவராஜ். நான் லாகின் பண்ணினதும் திரையில 'வணக்கம், அட்மின்'னு வந்துச்சு. பின்னாடி நின்னவருக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. இது வேற அட்மின் சார்னு கெஞ்சினேன். ஊஹூம். எச்.ஆர். வரைக்கும் போய்ப் பாஸ்வேர்டை வாங்கிட்டுத்தான் ஓய்ஞ்சார். "பன்னெண்டு வருஷமா இங்க அட்மின் நான். நேத்து வந்த நீ இன்னாபா அட்மின்?"

சிவப்புச் சீட்டு

வேண்டாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டித் தூக்கற ஆடிட் வந்துச்சு. தேவராஜ் ஷெட்டைச் சுத்தம் பண்ணினார். போர்ட்டல்தான் இருக்கேன்னு, கேட்ல பஸ் டைம் எழுதற கரும்பலகையையும் கழட்டினார். அப்புறம் போர்ட்டலுக்குள்ளேயே துடைப்பத்தோட நுழைஞ்சுட்டார். திங்கட்கிழமையில இருந்து மண்ணூர் பஸ் இருபது நிமிஷம் முன்னாடி கிளம்பும்னு நான் எழுதி, அவர் ஒப்புதலுக்காக வெச்சிருந்த பக்கம் போயே போச்சு. கேன்டீன் டிவியில ஓட வேண்டிய பக்கம் அது.

திங்கட்கிழமை மண்ணூர் ஸ்டாப்ல பதினோரு பொண்ணுங்க, போய்ச் சேர்ந்த பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டு நின்னாங்க. தையல் லைன் செல்விக்கு அது மூணாவது லேட். மூணு லேட்னா கான்ட்ராக்ட் ஆளுக்கு வேலை காலி. கேட்லயே அவ கார்டைப் பிடுங்கிட்டாங்க. தேவராஜ்கிட்ட ஓடினேன். "பாதியில கெடந்த பக்கம்பா. சும்மா எடத்த அடைச்சிக்கினு கீதேன்னு தூக்கிட்டேன்."

விசாரணை

எச்.ஆர். மேடம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. போர்ட்டல் பதிவைத் திறந்து காட்டினேன்: 'நீக்கியது அட்மின், வெள்ளி மாலை நாலு மணி.' மாட்டினார்டான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. "யார் அந்த அட்மின்?"னு மேடம் கேட்டாங்க. பன்னெண்டு வருஷ அட்மின் கண்ணைக்கூடச் சிமிட்டாம என்னைக் கைகாட்டினார்: "கம்ப்யூட்டர்ல அட்மின்னா இவர்தான் மேடம்."

கேட் நோட்டு

அடப்பாவி! நல்லவேளை, பிளான்ட் ஹெட்டோட பயத்துக்காக அந்தப் போர்ட்டலைக் கம்பெனிக்குள்ள மட்டும் திறக்கற மாதிரி பண்ணியிருந்தேன். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே நான் வெளியே போனதுக்கு கேட் நோட்டுல கையெழுத்து இருந்துச்சு. அந்த நோட்டைக் கட்டாயமாக்கினதே தேவராஜ்தான். மேடம் நோட்டைப் பார்த்தாங்க, தேவராஜைப் பார்த்தாங்க, 'சாப்ட்வேர் கோளாறு'ன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. பழி சாப்ட்வேர் மேல, அதாவது என் மேல. போகட்டும், பதினோரு லேட்டும் ரத்தாச்சு, செல்விக்குக் கார்டு திரும்பக் கிடைச்சுது.

அவ என்னைத் தேடி வந்தா. நன்றி சொல்லப் போறான்னு நான் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டேன். "அண்ணா, கேன்டீன்ல அந்த டிவிய யாருண்ணா பாக்கறாங்க? உங்க போர்ட்டலை இன்னா வேணா பண்ணிக்கோங்க, எங்க போர்டை மட்டும் திரும்ப மாட்டச் சொல்லுங்க."

மாட்டியாச்சு, அதுக்குப் பாஸ்வேர்டும் கெடையாது, அட்மினும் கெடையாது, சாக்பீஸ் தீர்ந்தா ஒழிய கோளாறும் கெடையாது.