குயுக்தி என்று சொன்னேன்

மைத்துனனுக்குக் கிடைத்த பரிசின் அர்த்தத்தை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். தெரியாமல் செய்த தவறு இல்லை. ஆயுள் முழுக்கக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

என் மனைவியின் தம்பி கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் கட்டிடப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறான். ஒரு பெருமழையில் கூரை ஒழுகியபோது சர்வர் அறையைக் காப்பாற்றினான் என்று கேடயம் கொடுத்தார்கள். அதில் பெரிய எழுத்தில் ஒரே சொல்: இன்ஜெனியூட்டி. வலியசாலையில் மாமனார் வீட்டில் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த வீட்டில் இங்கிலீஷ் என்றால் என்னைத்தான் சூழ்வார்கள். அன்று எனக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துவிட்டார்கள்.

மாமனார் கேடயத்தை என்னிடம் நீட்டினார். ஜவுளிக்கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். துணி அளக்கும்போது அரை விரல் குறைந்தாலும் முதலாளியோடு சண்டைக்குப் போனவர்.

"மாப்பிள்ளை, இதுக்கு என்ன அர்த்தமாக்கும்?"

"குயுக்தின்னு சொல்லலாம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "குயுக்திக்கு ஒரு பரிசா?" என்று கேடயத்தை அலமாரியில் வேஷ்டிகளுக்குப் பின்னால் வைத்தார். மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரையாவது ஏமாத்தினியாடா?" என்று கேட்டாராம். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் ஆபீஸ் பேச்சை எடுத்தாலே அவர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

சில வருடம் கழித்து அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அல்வாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "அப்பாகிட்ட சொல்லலையாடா?" என்றாள் என் மனைவி.

"அப்பாவுக்கு என் வேலையே பிடிக்கலை அக்கா. விடு."

ஐம்பது தாண்டியவன். அல்வாத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு வலியசாலைக்குப் போய், அப்பாவையும் மகனையும் உட்காரவைத்து, பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். வாத்தியார் புத்தி, அங்கேயும் லத்தீனில் ஆரம்பித்தேன். கூடப்பிறந்த அறிவு என்பது வேர்ப்பொருள், எஞ்சின், எஞ்சினீயர் எல்லாம் அதே குடும்பம், முன்னொரு காலத்தில் கபடமில்லாத மனசு என்றுகூட இங்கிலீஷில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது என்றெல்லாம் சொன்னேன்.

"லத்தீன் கெடக்கட்டும். தெரியாம சொன்னேளா, தெரிஞ்சே சொன்னேளா?"

"தெரிஞ்சேதான் மாமா. பொறாமை."

"அத்திம்பேர்!" என்றான் மைத்துனன்.

"அப்போ சரியான வார்த்தையைச் சொல்லுங்கோ" என்றார் மாமனார்.

வழியெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தேன். புத்திசாலித்தனம் என்றால் பரீட்சையில் மார்க் வாங்குகிறவனுக்கும் அதுதான். சாமர்த்தியத்தை இந்த ஊரில் பாதிப் பேர் குத்திக்காட்டத்தான் சொல்கிறார்கள். யுக்தியை நானே கெடுத்துவைத்திருந்தேன். "கையில இருக்கறதை வெச்சே, மத்தவாளுக்குத் தோணாத வழியைக் கண்டுபிடிக்கற புத்தி" என்று இழுத்தேன்.

"இத்தனையும் கேடயத்துல எங்க எழுதறது?" என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "நீ என்னதான்டா பண்ணினே?"

அதுவரை அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான்.

"தார்ப்பாய் இல்லைப்பா. ரோடெல்லாம் தண்ணி, யாரும் வர முடியலை. ஓணத்துக்குக் கட்டின பிளெக்ஸ் பேனர் ஸ்டோர்ல கெடந்தது. கூரைக்குக் கீழே சரிவாக் கட்டினேன். மாவேலி ராஜா படம். தொப்பை ரொம்பி, அவரோட ஓலைக்குடை வழியா தண்ணி ஜன்னலுக்கு வெளியே கொட்டித்து."

"குடை பிடிச்சவர் மேலேயே மழையா!" மாமனார் இருமல் வரும்வரை சிரித்தார். "இதுல ஏமாத்தல் எங்கடா இருக்கு?"

மைத்துனன் என்னோடு பேச ஓணம் வரை ஆயிற்று. மாமனார் இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறார், தபால்காரருக்கு மலையாளத்தில். ஒவ்வொரு தடவையும் மழை கொஞ்சம் கூடுகிறது. கதை எப்போதும் நான் சொன்ன பொய்யிலிருந்துதான் தொடங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், விரலை நீட்டிக் காட்டிவிட்டே தொடங்குகிறார்.